எந்நகர்ப் பள்ளி? எம்மொழிப் பிள்ளை?

சென்ற திங்கள் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, குறுந்தொகைப் பாட்டுக்கு யான் பொருள் கூறி முடிக்கு முன்னரே தாம் கூறி முடித்துவிடுபவர் அவர். இன்று கணிப்பொறித் துறையில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். அவர் பணியாற்றும் நிறுவனம் அவரைத் துபாய்க்கோ சிங்கைக்கோ அனுப்ப முன்வந்திருக்கிறதாம். எந்நகர் என்பதை அவரே தெரிந்துகொள்ளலாமாம். மகளுக்கு அகவை 7, மகனுக்கு 4. "பிள்ளைகளைப் பன்னாட்டுப் பள்ளியில் சேர்க்க எந்நகர் ஏற்றது? ஐயாவின் கருத்தறிய விழைகிறேன்" என்று எழுதி, மடலோடு ஓர் ஒப்பீட்டுப் பட்டியலையும் இணைத்திருந்தார்.

பட்டியலில் 14 வரிசைகள். பள்ளிக் கட்டணம், பாடத்திட்டம், ஆய்வுத் தரம், குடிக்கூலி, வருமான வரி, வீட்டிற்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு, நீச்சற்குளம், இசைக்கூடம், பல்கலைக்கழக நுழைவு வாய்ப்பு என ஒவ்வொன்றும் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டிருந்தது. தமிழ் என்னும் சொல் மட்டும் அந்த 14 வரிசைகளில் ஒன்றிலும் இல்லை. மடலோ ஓர் ஒற்றுப்பிழையும் அற்ற நல்ல தமிழில் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. தாம் பெற்ற செல்வத்தைத் தம் பிள்ளைக்கான கணக்கில் எழுதவும் மறந்துபோன ஒரு தலைமுறைக்கு யானன்றோ ஆசிரியன்!

அவருக்குத் தனியே மறுமொழி விடுத்துவிட்டேன். எனினும் இக்கேள்வி அவர் ஒருவர் கேள்வி அன்று. ஊர்தோறும், தெருத்தோறும், பெட்டி கட்டிக்கொண்டு நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தின் கேள்வி. ஆகவே இங்கும் எழுதுகிறேன்.

முதற்கண், 'பன்னாட்டுப் பள்ளி' என்னும் பெயரையே சற்று உரைத்துப் பார்ப்போம். பெயரில் பல நாடு. உள்ளே பெரும்பாலும் ஒரே மொழி. அது ஆங்கிலம். இப்பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தால் நம்மவர் நாணுவர். சிங்கையில் 1925இல் தோன்றிய தாங்கிலின் பள்ளி யாருக்காக எழுந்தது? அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பிள்ளைகளைத் தாய்நாட்டிற்குக் கப்பலேற்றிப் பிரியாமல், தம் மொழியிலேயே அருகில் வைத்துப் படிப்பிப்பதற்காக எழுந்தது. 1956இல் அமெரிக்கர் தமக்கென ஒரு பள்ளி கண்டனர். 1971இல் செருமானியர் தமக்கென ஒன்று கண்டனர். பிரெஞ்சியர்க்கும் சப்பானியர்க்கும் அங்குத் தத்தம் மொழிப் பள்ளிகள் உண்டு. துபாயிலும் பிரெஞ்சுப் பள்ளி உண்டு. சப்பானியப் பள்ளி உண்டு. சப்பானிய அலுவலர் ஒருவர் மூன்றாண்டுப் பணிக்காகத் துபாய் சென்றாலும், திரும்பி வருகையில் தம் மகன் சப்பானிய எழுத்தை மறவாதிருக்க வேண்டும் என்று கருதுகிறார். அதற்கென ஒரு பள்ளியே நடக்கிறது.

இதன் பொருள் என்ன? அயல்நாட்டில் வாழும் குடும்பங்களுக்கான பள்ளி என்பது, அதன் பிறப்பிலேயே, தாய்மொழியைக் காக்கும் பள்ளி! ஆங்கிலேயன் அயலில் தன் தாய்மொழியைக் காக்கக் கட்டிய கூட்டினுள் நம் குஞ்சைக் கொண்டுபோய் இட்டுவிட்டு, 'பன்னாட்டுக் கல்வி' என்று நாம் மகிழ்கிறோம். அவன் செய்தது மொழிப்பற்று. நாம் செய்வது யாது? அதற்கு ஒரு பெயர் வைக்க என் நா கூசுகிறது.

இனி, இரு நகர்களையும் நேர்மையோடு எடைபோடுவோம். யாரையும் பழித்தல் நம் நோக்கமன்று.

துபாயை எடுத்துக்கொள்க. ஒன்றிய அரபு அமீரகம் 1971ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் உருவான நாடு. அதன் மக்கள்தொகையில் மண்ணின் மக்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. ஏனையோர் அனைவரும் பணிக்கென வந்தோர். துபாயில் மட்டும் 220க்கு மேற்பட்ட தனியார் பள்ளிகள் உள்ளன. அவற்றில் படிப்போர் 3,50,000க்கு மேல். 2006இல் நிறுவப்பெற்ற அறிவு, மாந்தவள மேம்பாட்டு ஆணையம் அப்பள்ளிகளை மேற்பார்க்கிறது. 2008 தொட்டுப் பள்ளிகளை ஆய்ந்து, 'மிகச் சிறந்தது' முதல் 'நலிந்தது' வரை தரமிட்டு, அம்முடிவுகளை ஊரறிய வெளியிட்டது. பெற்றோர்க்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. கட்டணமும் பல படிகளில் உண்டு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் குறைவு. பிரித்தானியப் பாடத்திட்டத்து உயர்ந்த பள்ளிகள் சிலவற்றில் ஆண்டுக்கு 1,00,000 திர்காமையும் தாண்டும். வாங்கும் சம்பளத்திற்கு வருமான வரி இல்லை. என் மாணவரின் பட்டியலில் துபாய்க்கு மதிப்பெண் கூடியதன் கரணியம் இதுவே.

ஆயின் அவர் பட்டியலில் இடம்பெறாத ஒரு செய்தி உண்டு. அந்நகரின் தனியார் பள்ளி எந்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றினாலும், அரபியர் அல்லாத பிள்ளைகளுக்கும் முதல் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அரபுமொழி கட்டாயப் பாடம். ஆங்கிலேயன் நடத்தும் பள்ளியாயினும் சரி, அமெரிக்கன் நடத்தும் பள்ளியாயினும் சரி, அரபு கற்பிக்காமல் அங்குக் கதவு திறக்க இயலாது. தம் மண்ணிலேயே பத்தில் ஒரு பங்கினராய் இருக்கும் மக்கள், தம் மொழியைச் சட்டத்தின் தூணில் நிறுத்தி வைத்திருக்கின்றனர். யான் அதைக் குறை கூறேன், கைகூப்பி வணங்குவேன்! மொழியைக் காக்க மக்கள்தொகை வேண்டியதில்லை, மான உணர்வு வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அப்பள்ளியில் நம் பிள்ளையின் நிலை யாது? ஆங்கிலத்தில் படிக்கிறான். அரபைக் கட்டாயமாகப் படிக்கிறான். இந்தியப் பாடத்திட்டப் பள்ளியாயின் பெரும்பாலும் இந்தியையும் படிக்கிறான். பிரித்தானியப் பள்ளியாயின் பிரெஞ்சையோ வேறொன்றையோ படிக்கிறான். மூன்று மொழிகளைச் சுமக்கும் அச்சிறுவனின் பையில் நான்காவதாகத் தமிழை வைக்கச் சொன்னால், "பிள்ளைக்குச் சுமை" என்கின்றனர் பெற்றோர். மூன்றும் சுமையில்லையாம், தாயின் மொழி மட்டும் சுமையாம்! தோளில் மூன்று மூட்டை ஏற்றியவன், பிள்ளையின் சட்டையைக் கழற்றி, "எடை குறைத்தேன்" என்றானாம். அந்த அறிவுடைமையே இது.

அடுத்து, சிங்கை. அந்நாட்டின் சட்டத்திலேயே தமிழ் ஆட்சிமொழி. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு நான்கனுள் ஒன்றாக வீற்றிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் தமிழ்ப்பிள்ளை தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் நான்கு பாடங்களில் தாய்மொழி ஒன்று. நாளிதழ் உண்டு, வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு, ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா உண்டு. இவை தாமாக வந்தவை அல்ல. 1935இல் 'தமிழ் முரசு' கண்ட கோ. சாரங்கபாணியார் போன்றோர் இரவும் பகலும் உழைத்து ஈட்டிய செல்வம். கப்பற்றுறையிலும் சாலைப்பணியிலும் உடல் தேய்ந்த தமிழர், தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற சொத்து.

எனவே சிங்கையே நன்று என்று முடித்துவிடலாமா? பொறுமின்! அங்கும் ஒரு புண் உண்டு. அதை மறைத்தல் நேர்மை ஆகாது. அங்குத் தமிழ்வழியில் இயங்கிய கடைசி உயர்நிலைப் பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பெற்றது. 1987 தொட்டு எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழி. தமிழ் ஒரு பாடமாக நின்றது. பாடமாக நின்ற மொழி வீட்டில் நின்றதா? 2010ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் அந்நாட்டுக் குடியினருள் நூற்றுக்கு 3.3 பேர். 2020இல் அது 2.5 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலத்தை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டிற்கு உயர்ந்தனர். அரியணையில் அமர்த்திய மொழிக்கே, அடுப்பங்கரையில் இடமில்லாமற் போகிறது!

இஃதொரு பெரும் பாடம். துபாயில் நம் தமிழுக்குச் சட்டம் இல்லை. சிங்கையில் சட்டம் இருந்தும் வீடு கைவிடுகிறது. சட்டம் வாயிலைத் திறந்து வைக்கும். உள்ளே நடந்து செல்ல வேண்டிய கால் நம்முடையது.

இன்னும் கேளுங்கள். என் மாணவர் தம் பட்டியலில் சிங்கை என்று எழுதிய இடத்தில் குறித்திருந்தவை அங்குள்ள அரசுப் பள்ளிகள் அல்ல, பன்னாட்டுப் பள்ளிகளே. அவற்றுள் உயர்ந்தவற்றில் ஆண்டுக்கட்டணம் 40,000 வெள்ளியைத் தாண்டும். அத்துணை வெள்ளியைக் கொட்டி அவர் வாங்குவது எதை? அரசு தமிழ் கற்பிக்கும் பள்ளிகளைக் கடந்து, தமிழ் கட்டாயமில்லாத பள்ளிக்குள் நுழையும் உரிமையை! ஆற்றங்கரையில் குடியேறி, வேலி கட்டி, வேலிக்குள் தண்ணீரின்றி வாடும் வேளாளனை எவரேனும் கண்டதுண்டா? சிங்கையின் பன்னாட்டுப் பள்ளிக்கும் துபாயின் பன்னாட்டுப் பள்ளிக்கும் இடையே கடல் உண்டு. தமிழ்ப்பிள்ளையைப் பொறுத்தவரை வேறுபாடு மிகச் சிறிது.

சிங்கை அரசுப் பள்ளியில் அயலார் பிள்ளைக்கு இடம் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். முதல் வகுப்பில் குடிமக்கள், நிலைவாழ்வினர் ஆகியோர் பிள்ளைகள் போக எஞ்சிய இடமே அயலார்க்கு. இடையில் சேர்வோர் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வெழுத வேண்டும். தேறினும் இடம் உறுதியன்று. கட்டணமும் குடிமக்கள் செலுத்துவதைவிடப் பன்மடங்கு. பெற்றோர் வழியாக நிலைவாழ்வுரிமை பெற்ற ஆண்பிள்ளை, வளர்ந்தபின் நாட்டுப்பணி என்னும் படைத்துறைப் பயிற்சியும் ஆற்ற வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணித் துணிக. ஆயினும், முயன்று பார்த்தபின் இடம் கிட்டவில்லை என்பது வேறு. முயலாமலே பன்னாட்டுப் பள்ளியின் வாயிலில் போய் நிற்பது வேறு.

"ஐயா, உலகம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழ் என்ன சோறு போடும்?" என்பார் உளர். சோற்றுக்கு ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று யாம் எங்கும் கூறவில்லை. நன்றாகக் கற்கட்டும். ஆயின், 'பிள்ளை தன் தாய்மொழியில் கற்கத் தொடங்குதலே சிறப்பு' என்பது ஏதோ தமிழ்ப்புலவன் பித்தில் பிதற்றுவது அன்று. ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953ஆம் ஆண்டிலேயே உலகறிய வெளியிட்ட அறிக்கையின் முடிவும் அதுவே. அந்த அறிவுரையைச் சப்பானியர் கேட்டனர், பிரெஞ்சியர் கேட்டனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சோறின்றி வாடுகின்றனரா?

"வீட்டில் பேசுகிறோம், அது போதாதா?" என்பார் வேறு சிலர். போதாது! ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வளைகுடாவில் ஏழாண்டு வாழ்ந்து திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் என் எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். அறிவுக் கூர்மையுள்ளவன். கணக்கிலும் அறிவியலிலும் வகுப்பில் அவனை வெல்வார் இல்லை. தமிழ் பேசுவான், ஆனால் எழுத்தறியான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி நம் மாநிலத்தில் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானதை அவன் பெற்றோர் எண்ணிப் பார்க்கவே இல்லை. முதல் நாள் வருகைப் பதிவேட்டை அவன்முன் வைத்து, "உன் பெயர் எது, காட்டு" என்றேன். அவன் விரல் தாளின்மேல் மேலும் கீழும் அலைந்தது. தன் பெயரைத் தன் மொழியில் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை, தலை குனிந்தான். அன்றிலிருந்து மாலைதோறும் அரைமணி நேரம் அவனை அருகில் அமர்த்தி 'அ' முதல் தொடங்கினேன். ஆறு திங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தான். ஓராண்டில் ஊரிலிருந்த தன் பாட்டிக்குக் கைப்பட ஒரு மடல் எழுதினான். அந்தப் பாட்டி அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்ததாக அவன் தந்தையார் பின்னர் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் ஏழாண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாகாதா என்று எண்ணினேன், கேட்கவில்லை.

குற்றம் அப்பையனுடையதா? அந்நகருடையதா? அவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளியினுடையதா? அப்பள்ளி தான் கற்பிப்பதாகச் சொன்னதை ஒழுங்காகக் கற்பித்தது. தமிழ் கற்பிப்பதாக அது சொல்லவும் இல்லை. அப்பெற்றோர் கேட்கவும் இல்லை. கேளாத வாய்க்கு யார் ஊட்டுவர்?

ஆகவே என் மாணவருக்கு யான் எழுதிய மறுமொழியின் சுருக்கத்தை இங்குத் தருகிறேன். அவரொத்தார் அனைவர்க்கும் இது பயன்படட்டும்.

"தம்பி! உன் பட்டியலில் 15ஆவதாக ஒரு வரிசை சேர். அதை முதல் வரிசையாக மேலே ஏற்று. அவ்வரிசையின் பெயர் தமிழ். அதன்பின் கணக்கைத் திரும்பப் போடு. இரு நகருள் எது என்று கேட்டாய். சிங்கை என்பேன், அரசுப் பள்ளியில் சேர்க்க முயல்வாயாயின். மகளை நுழைவுத் தேர்வுக்கு அணியமாக்கு. மகனுக்கு அகவை வரும்போது முதல் வகுப்பிற்குப் பதிவு செய். இடம் கிடைத்தால் தாய்மொழிப் பாடமாகத் தமிழைக் கேட்டு வாங்கு. வேறு மொழி எளிது என்று எவரேனும் சொன்னால் செவியடைத்துக்கொள். பன்னாட்டுப் பள்ளிதான் என்று நீ முடிவுகட்டி விட்டாயாயின், இரண்டு நகரும் ஒன்றே. கட்டணம் குறைந்த இடத்திற்குப் போ. வரியில்லாத இடத்திற்குப் போ. ஆனால் மிஞ்சும் பொருளில் ஒரு பங்கைத் தமிழுக்கு ஒதுக்கு.

"எந்நகராயினும் சில நெறிகளைக் கைக்கொள். வீட்டு வாயிலைத் தாண்டி ஆங்கிலம் உள்ளே வரலாகாது. நீயும் உன் துணைவியும் ஒருவரோடொருவர் தமிழிலேயே பேசுக. பிள்ளை கற்பது நீங்கள் தன்னிடம் பேசுவதைக் கேட்டு மட்டுமன்று, உங்களுக்குள் பேசுவதைக் கேட்டும்தான். நாள்தோறும் அரைமணி நேரம் எழுத்துப் பயிற்சி தருக. தமிழ்நாட்டரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், அயல்வாழ் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் வகுத்துள்ளது; அதைப் பயன்கொள். பள்ளியில் சேர்க்கும் நாளன்றே தலைமையாசிரியரைக் கண்டு, 'எங்கள் மொழிக்கு இங்கு இடம் உண்டா?' என்று கேள். இல்லை என்றால், 'பத்துக் குடும்பம் சேர்ந்து வந்தால் மாலையில் ஓர் அறை தருவீர்களா?' என்று கேள். பின்னர் அந்தப் பத்துக் குடும்பத்தையும் தேடிப் பிடி. அரபியன் தன் மண்ணில் சட்டம் செய்தான். சப்பானியன் அயல்மண்ணில் பள்ளி செய்தான். நீ ஓர் அறையாவது செய்!

"இரு நகரிலிருந்தும் சென்னைக்கு வானூர்தியில் ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான். ஆண்டு விடுமுறையை உன் சிற்றூரில் பிள்ளைகள் கழிக்கட்டும். உன் அம்மா ஆங்கிலம் அறியார். அவர்தம் பேத்தி தமிழ் அறியாளாயின், அந்த நான்கு மணி நேரத் தொலைவை எந்த வானூர்தியாலும் கடக்க முடியாது."

தமிழ் நெஞ்சினரே! அயல்சென்றாரை மட்டும் குறைகூறி நாம் அமைதி கொள்ளலாகாது. சென்னையிலும் கோவையிலும் வாழ்ந்துகொண்டே, தமிழ் படிக்காத பள்ளியைத் தேடித்தேடிப் பிள்ளையைச் சேர்ப்போர் நம் தெருவிலேயே இருக்கின்றனர். துபாய் செல்வோனுக்காவது தொலைவு என்னும் சாக்கு உண்டு. தமிழ்மண்ணில் நின்றுகொண்டு தமிழை இழப்போனுக்கு என்ன சாக்கு? நம் இயக்கத்தினர் வீடுகளிலும் இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் பேரப்பிள்ளையிடம் ஆங்கிலம் கொஞ்சும் தாத்தாக்களை யான் அறிவேன், அவர்களும் அறிவர்.

மறுமொழி விடுத்த நான்காம் நாள், என் மாணவரிடமிருந்து மீண்டும் ஒரு மடல் வந்தது. உள்ளே திருத்திய பட்டியல் இருந்தது. முதல் வரிசையில் தமிழ். எந்நகர் என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. மடலின் அடியில், கோணல் மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், அந்த ஏழு அகவை மகள் தன் பெயரை எழுதியிருந்தாள். ஓர் எழுத்துக்குச் சுழி குறைந்திருந்தது. சிவப்பு மையால் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

எந்நகராயினும் ஆகுக. அந்தச் சுழி நிறைவு பெறட்டும்!